நெஞ்சில் தங்கும் வடிகுழாய்: புற்றுநோயாளிகளுக்கு என்ன சிக்கல்கள் வரும், எப்போது அஞ்ச வேண்டும்?

புற்றுநோயால் நெஞ்சில் மீண்டும் மீண்டும் நீர் கோக்கும் நோயாளிகளுக்கு, வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ளும்படி ஒரு மெல்லிய குழாயை நிலையாகப் பொருத்தி அனுப்புவது இன்று பல நாடுகளில் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. மருத்துவமனையில் சில நாட்களுக்கு மட்டும் வைக்கப்படும் சாதாரண நெஞ்சுக் குழாயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உடலுக்குள் இருக்கப்போகும் இந்தக் குழாய் அச்சத்தைத் தருகிறது. கிருமி தொற்றாதா, அடைத்துக்கொள்ளாதா, கீமோதெரபி எடுக்கலாமா, காய்ச்சல் வந்தால் உடனே குழாயை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். சிக்கல்கள் உண்மையிலேயே வருகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, குழாயை அதன் இடத்திலேயே விட்டுவைத்துச் சரிசெய்யக்கூடியவை. சிக்கல் எழுந்திருப்பது தோலிலா, குழாயின் உட்புறத்திலா, நுரையீரலைச் சுற்றிய இடைவெளியிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அடுத்து என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தே அமைகிறது.

## நீர் ஏன் கோக்கிறது

நுரையீரலை ஒட்டி ஓர் உறையும், விலா எலும்புகளின் உட்புறத்தை ஒட்டி இன்னோர் உறையும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்ததே புளூரா எனப்படும் நுரையீரல் உறை. இவ்விரு உறைகளுக்கும் நடுவே, நலமாக இருக்கும் ஒருவருக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மி.லி. திரவம் மட்டுமே இருக்கும். மூச்சு விடும்போது உறைகள் உரசாமல் வழுக்கிச் செல்ல அது போதும். இந்தத் திரவம் தொடர்ந்து ஊறிக்கொண்டும், வெளி உறையில் உள்ள நுண்துளைகள் வழியாக நிணநீர் நாளங்களுக்குள் வடிந்துகொண்டும் இருக்கிறது.

புற்றுநோய் இந்தச் சமநிலையை இரண்டு பக்கமும் குலைக்கிறது. உறையில் பரவிய கட்டிகள் இரத்த நுண்குழாய்களைக் கசியவைக்கின்றன. நீர் வடியும் நிணநீர்ப் பாதைகளையும் அடைக்கின்றன. நுரையீரல் புற்றுநோயிலும் மார்பகப் புற்றுநோயிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்ஃபோமா, சினைப்பைப் புற்றுநோய், உறையிலேயே தோன்றும் மீசோதீலியோமா ஆகியவற்றிலும் வருகிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று நீர் சேரும்போது நுரையீரல் அமுங்குவதோடு, உதரவிதானமும் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு அசைய முடியாமல் போகிறது. மூச்சுத்திணறலுக்கு இந்த இரண்டாவது காரணம் பெரும் பங்கு வகிக்கிறது. நீரை எடுத்த பிறகு நுரையீரல் முழுமையாக விரியாதபோதும் சில நோயாளிகளுக்கு மூச்சு எளிதாவது இதனால்தான்.

ஊசியால் நீரை எடுத்தால் நிம்மதி கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் நீர் திரும்பிவிடும். நிலையான தீர்வாக இரண்டு வழிகள் உள்ளன. டால்க் பொடியை உள்ளே செலுத்தி, நீர் சேர இடமில்லாதபடி இரண்டு உறைகளையும் ஒட்டவைக்கும் புளூரோடெசிஸ் ஒன்று. நிலையான வடிகுழாய் மற்றொன்று. 2012இல் வெளியான டைம்-2, 2017இல் வெளியான ஆம்பிள் ஆகிய ஆய்வுகள் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டன. மூச்சுத்திணறலைத் தணிப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றும், குழாய் வைத்தவர்கள் மருத்துவமனையில் கழித்த நாட்கள் குறைவு என்றும் அவற்றிலிருந்து தெரியவந்தது. அதே டைம்-2 ஆய்வில், பாதக விளைவுகள் குழாய் வைத்தவர்களிடமே கூடுதலாக இருந்தன. இந்நிலையை அடைந்த நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருக்கும் காலம்), புற்றுநோயின் வகையைப் பொறுத்து 3 முதல் 12 மாதங்கள் என்பதால், வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி மதிப்பு உண்டு. குழாயின் சிக்கல்களை இந்தக் கணக்கோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

## குழாய் எப்படி அமைந்திருக்கிறது

பரவலாகப் பயன்படுத்தப்படும் குழாய் சிலிக்கானால் ஆனது. ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன் கொண்டது. நெஞ்சுக்குள் இருக்கும் பகுதியில் பல துளைகள் இருக்கும். அங்கிருந்து அது நேராக வெளியே வராமல், தோலுக்கு அடியில் சில செ.மீ. நீளத்துக்கு ஒரு சுரங்கம் வழியாகச் சென்று பிறகே வெளியே வருகிறது. அந்தச் சுரங்கப் பகுதியில் குழாயைச் சுற்றி பாலியெஸ்டரால் ஆன ஒரு பட்டை உள்ளது. சில வாரங்களில் நார்த்திசு அந்தப் பட்டைக்குள் வளர்ந்து குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். தோலில் உள்ள கிருமிகள் உள்ளே செல்வதற்கும் அது தடையாகிறது. குழாயின் வெளிமுனையில் ஒரு வழி வால்வு இருக்கிறது. உரிய இணைப்பைச் செருகும்போது மட்டுமே அது திறக்கும்.

பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களில் பல இந்த அமைப்பிலிருந்தே புரியும். பட்டை இறுகுவதற்கு முந்தைய வாரங்களில் குழாய் நழுவவும், அதைச் சுற்றி நீர் கசியவும் வாய்ப்பு அதிகம். பட்டை இறுகிய பிறகு அந்த ஆபத்து குறைகிறது. ஆனால் குழாயை எடுக்கும்போது அதுவே தொல்லையாகிறது.

## வடிக்கும் வேளையில் நடப்பவை

வடிக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். ஏனெனில் பிற்பாடு வரும் தொற்றுகள் பலவற்றுக்கு வழி திறப்பது இந்தச் சில நிமிடங்கள்தான். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பழைய ட்ரெஸ்ஸிங்கை அகற்றி, குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்பு, வீக்கம், கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். கிருமி நீக்கிய கையுறை அணிந்து, வால்வின் மூடியை எடுத்து, வாயை ஆல்கஹால் துணியால் துடைத்த பிறகு, வெற்றிட பாட்டிலின் இணைப்பைச் செருக வேண்டும். சரியாகப் பொருந்தினால் ஒரு சிறு ‘க்ளிக்’ கையில் உணரப்படும். கிளாம்பைத் திறந்ததும் நீர் பாட்டிலுக்குள் வேகமாகப் பாயத் தொடங்கும். போகப்போக வேகம் குறையும். முடியும் தறுவாயில் பலருக்கு இருமல் வரும், அல்லது தோள்பட்டைப் பக்கமாக ஒரு சுருக்கென்ற வலி எழும். நுரையீரல் விரிந்து நெஞ்சுச் சுவரைத் தொடுவதால் வரும் இவை பெரும்பாலும் ஆபத்தானவை அல்ல. கிளாம்பைச் சிறிது மூடி வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். வலி தாங்க முடியாததாக இருந்தால் அன்று அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே முறையில் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வெகுநாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசிந்து வீக்கம் ஏற்படலாம். இது அரிதானது என்றாலும் உயிருக்கு ஆபத்தானது. ஆகவே வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று பொதுவாக அறிவுறுத்துகிறார்கள். அந்தந்த நோயாளிக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவே இறுதியானது. வால்வுக்குள் சாதாரண ஊசியையோ சிரிஞ்சையோ செருகவே கூடாது. வால்வு சேதமானால் நீர் கசியும்; காற்றும் கிருமியும் உள்ளே செல்ல வழி ஏற்படும்.

## சிக்கல்கள் எவ்வளவு பேருக்கு வருகின்றன

2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 19 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,370 நோயாளிகளின் தகவல்களைத் திரட்டியது. அவர்களில் 87.5 சதவீதத்தினருக்கு எந்தச் சிக்கலும் பதிவாகவில்லை. ஏறத்தாழ 46 சதவீதத்தினருக்கு, எந்த மருந்தும் செலுத்தாமலேயே உறைகள் தாமாக ஒட்டிக்கொண்டன. சிறு தொல்லைகளை எல்லா ஆய்வுகளும் ஒரே கவனத்தோடு பதிவு செய்வதில்லை என்பதால், நடைமுறையில் காணும் சிக்கல்கள் இந்தக் கணக்கைவிடச் சற்று அதிகமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நேர்மையானது.

## தொற்று: மூன்று இடங்கள், மூன்று முடிவுகள்

எல்லோரும் அஞ்சுவது தொற்றுக்குத்தான். எனினும் ‘குழாயில் இன்ஃபெக்ஷன்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன.

1. தோல் தொற்று: குழாய் வெளிவரும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு, சூடு, தொட்டால் வலி ஆகியவை இருக்கும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளிலேயே பெரும்பாலும் குணமாகும். ட்ரெஸ்ஸிங்கின் பசை ஒத்துக்கொள்ளாமல் வரும் தடிப்பையும் அரிப்பையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ட்ரெஸ்ஸிங்கின் வடிவத்திலேயே தடித்திருக்கும். ட்ரெஸ்ஸிங்கை மாற்றினால் தணியும்.

2. சுரங்கத் தொற்று: தோலுக்கு அடியில் குழாய் செல்லும் பாதை நெடுகச் சிவந்து, கெட்டிப்பட்டு, அழுத்தினால் வலிக்கும், சீழும் வெளிவரலாம். மருந்துக்கு அடங்காவிட்டால் குழாயை எடுக்க வேண்டிய தேவை இந்த வகையில் கூடுதல்.

3. உறை இடைவெளித் தொற்று: காய்ச்சல், நடுக்கம், புதிதாக எழும் நெஞ்சு வலி, கலங்கியோ கெட்டியாகவோ நாற்றத்தோடோ வரும் நீர் ஆகியவை இதன் அடையாளங்கள். சீழ் சேர்ந்த நிலையை எம்பயீமா என்கிறோம்.

மூன்றாவது வகைதான் தீவிரமானது. சிகிச்சை பற்றிய தவறான எண்ணம் மிகுந்திருப்பதும் அதில்தான். உடலுக்குள் இருக்கும் செயற்கைப் பொருளில் கிருமி பிடித்தால் அதை அகற்ற வேண்டும் என்ற பொது விதி பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் நெஞ்சுக்குள் சீழ் சேர்ந்தால் அதற்கான சிகிச்சையே குழாய் வைத்து வடிப்பதுதான். அந்தக் குழாய் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சீழ் வெளியேற வழியில்லாமல் போகும். வேறொரு குழாயைப் புதிதாகச் செருக நேரிடும். ஆகவே குழாயை விட்டுவைத்து, ஆன்டிபயாட்டிக் மருந்தை முதலில் நரம்பு வழியாகக் கொடுத்து, நீரைத் தொடர்ந்து வடியவிடுவதே வழக்கம். தொற்று வந்தாலும் பெரும்பாலும் குழாயை எடுக்காமலே சிகிச்சை செய்யலாம் என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மருந்துக்குத் தொற்று அடங்காதபோது குழாயை எடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கான சான்று 2013இல் வெளியான, 11 மையங்களைச் சேர்ந்த 1,021 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் கிடைக்கிறது. அவர்களில் 50 பேருக்கு, அதாவது 4.9 சதவீதத்தினருக்கு, உறை இடைவெளியில் தொற்று வந்தது. அதில் 94 சதவீதத்தினருக்கு ஆன்டிபயாட்டிக்கால் தொற்று கட்டுக்குள் வந்தது. ஏறத்தாழ பாதிப் பேரிடம் காணப்பட்ட கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் கிருமி. கை கழுவுவதும் வால்வைத் துடைப்பதும் சடங்கல்ல என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. தொற்று வந்து குணமானவர்களில் பலருக்கு, அழற்சியின் விளைவாக இரண்டு உறைகளும் ஒட்டிக்கொண்டு நீர் கோப்பதே நின்றுவிட்டதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. காய்ச்சலோ வலியோ இல்லாத ஒருவரின் நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால், சில நேரம் கிருமி வளர்ந்ததாக அறிக்கை வரும். குழாயின் பரப்பில் கிருமி குடியேறியிருப்பதும், உடலில் நோயாக மூண்டிருப்பதும் ஒன்றல்ல. அறிகுறி ஏதும் இல்லாமல் அறிக்கையை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்தால், தேவையற்ற மருந்தும் மருந்துக்கு அடங்காத கிருமியுமே மிஞ்சும்.

## கீமோதெரபி எடுக்கலாமா

எடுக்கலாம். குழாய் இருப்பதற்காகக் கீமோதெரபியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கீமோதெரபி நடப்பதற்காகக் குழாய் வைப்பதைத் தவிர்க்கவும் வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்திருந்த நோயாளிகளிடம் தொற்று விகிதம் பெரிதாகக் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவசர நிலையே. ‘குழாயால் வந்திருக்கும், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று அன்று காத்திருக்கக் கூடாது.

## நீர் வருவது நின்றால்: நற்செய்தியா, அடைப்பா?

வீட்டில் வடிப்பவர்களை மிகவும் குழப்பும் நிலை இது. நேற்று 400 மி.லி. வந்த இடத்தில் இன்று வெறும் 20 மி.லி. வருகிறது. இதற்கு நான்கு விளக்கங்கள் இருக்கலாம்.

1. கருவிக் கோளாறு: கிளாம்ப் திறக்கப்படாமலோ, குழாய் மடிந்தோ, பாட்டிலில் வெற்றிடம் போயோ இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2. குழாய் அடைப்பு: நீரில் உள்ள ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள் உறைந்து உட்புறத்தை அடைத்துக்கொள்ளும். மருத்துவமனையில் உரிய இணைப்பைக் கொண்டு உப்புநீர் செலுத்தி அலசுவார்கள். அதற்கும் திறக்காவிட்டால் உறைவைக் கரைக்கும் அல்டிபிளேஸ் போன்ற மருந்தைக் குழாய்க்குள் விடுவார்கள். வீட்டில் இதை முயலக் கூடாது.

3. இடைவெளிக்குள் தடுப்புகள்: அதே ஃபைப்ரின் உறைகளுக்கு நடுவே திரை திரையாகப் படர்ந்து, ஒரே கூடமாக இருந்த இடத்தைப் பல அறைகளாக்கிவிடும். குழாய் இருக்கும் அறை காலியாகிவிட்டது. மற்ற அறைகளில் நீர் நிரம்பியிருக்கிறது. இந்த நிலையில் குழாயில் குறையில்லை என்பதால் அதை அலசிப் பயனில்லை. கரைக்கும் மருந்தை உறை இடைவெளிக்குள் செலுத்திப் பார்ப்பதுண்டு. இரத்தக்கசிவு ஆபத்தை அதற்கு முன் எடைபோட வேண்டும். யூரோகைனேஸ் மருந்தைச் சோதித்த டைம்-3 ஆய்வு 2018இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் மூச்சுத்திணறலில் அது முன்னேற்றம் காட்டவில்லை. எக்ஸ்ரே படம் சற்றுத் தெளிவானதை வைத்து மட்டும் பயன் கிடைத்ததாகக் கருத முடியாது.

4. உறைகள் ஒட்டிக்கொள்ளுதல்: நீர் ஊறுவதே நின்றுவிட்டது. எதிர்பார்த்துக் காத்திருந்த பலன் இதுதான்.

இவற்றைப் பிரித்தறிய உதவுபவை மூச்சும் படமும். நீர் நின்ற பிறகும் மூச்சு எளிதாகவே இருந்து, அல்ட்ராசவுண்டில் நீர் தெரியாவிட்டால் அது நற்செய்தி. நீர் நின்றதோடு மூச்சுத்திணறலும் கூடினால் அடைப்பையோ தடுப்பையோ தேட வேண்டும். எனவே வடித்த தேதி, அளவு, நிறம், அன்றைய மூச்சின் நிலை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வருவது மிகவும் பயனுள்ளது. எந்தப் பரிசோதனைக்கும் முன்பாக மருத்துவருக்குத் துப்புக் கொடுப்பது அந்தப் பக்கம்தான்.

ஒட்டிக்கொள்வதை விரைவுபடுத்தவும் முடியும். தினமும் வடிப்பதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வடிப்பதையும் ஒப்பிட்ட, 2017இல் வெளியான ஆசாப் ஆய்வில், தினமும் வடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும் உறைகள் தாமாக ஒட்டின. குழாய் வழியாகவே டால்க் செலுத்திய 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 35ஆம் நாளில் 43 சதவீதத்தினரும், டால்க் பெறாதவர்களில் 23 சதவீதத்தினரும் வெற்றி கண்டனர். குழாயிலிருந்து விரைவில் விடுபட விரும்புபவருக்குத் தினசரி வடிப்பு பொருந்தும். மூச்சு எளிதாக இருந்தால் போதும் என்பவருக்கு, திணறல் தெரியும்போது மட்டும் வடிப்பதிலும் தவறில்லை. நோயாளியின் விருப்பத்தைக் கேட்டே இதை முடிவு செய்ய வேண்டும்.

நுரையீரலைச் சுற்றிக் கட்டியோ தடித்த உறையோ இறுகியிருந்தால் அது விரியாது. இரண்டு உறைகளும் தொட்டுக்கொள்ளாததால் ஒட்டவும் செய்யாது. இத்தகைய நோயாளிகளுக்கு டால்க் பயன்படாது என்பதால் குழாயே ஏற்ற வழி. ஆனால் வடிக்கும்போது வலி கூடுதலாக இருக்கும். வடித்த பின் எக்ஸ்ரேயில் காற்று இருப்பதுபோலத் தெரிவதும் இவர்களிடம் சாதாரணம். காலியான இடத்தை நிரப்ப நுரையீரல் வராததால் தெரிவது அது. திணறல் கூடாதவரை அதற்கென்று இன்னொரு குழாய் செருக வேண்டியதில்லை.

## குழாய்ப் பாதையில் கட்டி வளர்தல்

குழாய் செல்லும் வழியிலேயே புற்றணுக்கள் படிந்து தோலுக்கு அடியில் கட்டியாக வளர்வது உண்டு. குழாய் வைத்துப் பல வாரங்களோ மாதங்களோ கழித்தே இது தெரியவரும். மீசோதீலியோமா நோயாளிகளிடம் மிகுதி. குழாயின் அருகே கெட்டியான, வலியுள்ள முடிச்சாகத் தட்டுப்படும், காய்ச்சல் இருக்காது. அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தால் வலி பெரும்பாலும் தணிகிறது. குழாயை எடுக்கத் தேவையில்லை. வருமுன் காக்கும் நோக்கில் முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுப்பது மீசோதீலியோமா நோயாளிகளுக்குப் பயன்தரவில்லை என்று 2016இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு காட்டியது.

நீரோடு புரதமும் வெளியேறுவதால் உடல் மெலியுமா என்ற கவலையும் உண்டு. வாரக்கணக்கில் மிகுதியாக வடிப்பவர்களிடம், குறிப்பாகப் பால்போன்ற நிணநீர் வடிபவர்களிடம், உணவையும் எடையையும் கவனிக்க வேண்டும்.

## குழாயை எடுக்கும் நேரம்

தொடர்ந்து மூன்று முறை வடித்தும் 50 மி.லி.க்குக் குறைவாகவே வந்து, திணறலும் திரும்பாமல், படத்திலும் நீர் தெரியாவிட்டால் குழாயை எடுக்கலாம். தோலை மரத்துப்போகச் செய்து, பாலியெஸ்டர் பட்டையைச் சுற்றி வளர்ந்த நார்த்திசுவைப் பிரித்து விடுவித்த பிறகு இழுத்தால் பெரும்பாலும் எளிதாக வந்துவிடும். சிலருக்கு, நெஞ்சுக்குள் இருக்கும் பகுதியும் ஒட்டிக்கொண்டிருப்பதால் இழுக்கும்போது குழாய் அறுந்து ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடும். கேட்பவர்களுக்கு இது பெரும் விபத்தாகத் தோன்றும். ஆனால் ஒட்டிய உறைகளுக்கு நடுவே கிடக்கும் சிலிக்கான் துண்டு பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. அதை எடுக்கவென்று நெஞ்சைத் திறப்பதே கூடுதல் ஆபத்து என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு நேர்ந்தால், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நீளத் துண்டு தங்கியிருக்கிறது என்பதை மருத்துவமனைச் சுருக்க அறிக்கையில் எழுதி வாங்கி, அதன் நகலை நோயாளி கையில் வைத்திருக்க வேண்டும். பிறகு வேறொரு மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அந்தத் துண்டு தென்படும்போது, அது என்னவென்று அங்குள்ள மருத்துவருக்குச் சொல்ல அந்தக் காகிதம் வேண்டும்.